எண்ணெய் குடித்த மண்: வெட்டி எடுப்பதா, சீமெந்து கலப்பதா?

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வீடு கட்ட நாங்கள் வாங்கிய காணியில் முன்பு லொறி கராஜ் ஒன்று இருந்தது. தகரக் கொட்டிலைக் கழற்றிய பிறகுதான் நிலத்தின் நிறம் தெரிந்தது. பின்மூலை முழுக்கக் கறுப்பு. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மணல் குடிக்கவில்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. "சீனக்குடா எண்ணெய்க் குதத்தில ஒண்டை இங்க கொண்டுவந்து கவிழ்த்துப்போட்டாங்களோ?" என்றார் மச்சான்.

மேசன் பாஸ் சுலபமான வழி சொன்னார்: "மேல கொங்கிரீட் போட்டால் ஆருக்கு அண்ணை தெரியப்போகுது?" கிணற்றுத் தண்ணீருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதை விட்டுவிட்டாலும் அத்திவாரத்துக்கு அது சரிவராது.

மணலுக்குப் பலம் அதன் மணிகள் ஒன்றையொன்று உராய்ந்து பிடிப்பதில்தான் இருக்கிறது. எண்ணெய் இடையில் புகுந்தால் பிடி வழுக்கும். அந்தப் பிடியை அளக்கும் உராய்வுக் கோணம் 35 பாகையிலிருந்து 30க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஐந்து பாகைதானே என்று தோன்றும். ஆனால் தாங்குதிறன் கணக்கில் அத்திவார அகலத்தோடு பெருக்கப்படும் காரணி ஏறத்தாழ 48இலிருந்து 22க்கு விழுந்துவிடும், பாதிக்கும் கீழே.

1991இல் குவைத்தில் அறுநூறுக்கும் அதிகமான எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, பாலைவனத்தில் எண்ணெய் ஏரிகளாகத் தேங்கியது. அதன் பிறகு அங்குள்ள மணலில் 6 வீதம் வரை சுத்திகரிக்காத மசகு எண்ணெயைக் கலந்து சோதித்தார்கள். பலம் குறைந்தது, பாரத்தில் அமிழும் இறக்கம் கூடியது. எண்ணெய் தடிப்பாக இருந்தால் பாதிப்பும் அதிகம். மாதக்கணக்கில் காயவிட்டபோது இலேசான பகுதி ஆவியாகி, பலம் ஓரளவு திரும்பியது. "அப்ப நாங்களும் ஒரு வருஷம் பொறுப்பமே" என்றார் மனைவி. ஆனால் கராஜில் ஊற்றியது பழைய எஞ்சின் எண்ணெய். அதில் ஆவியாகிப் போக அதிகம் எதுவும் இல்லை.

ஆக மிஞ்சியது இரண்டு வழி: அதே இடத்தில் சீமெந்து கலந்து இறுக்குவது, அல்லது வெட்டி எடுத்துவிட்டுக் கிரவல் நிரப்புவது. சீமெந்துக்கு டிப்பர் செலவு இல்லை, மண்ணும் இடம் மாறாது. எனக்கும் முதலில் அதில்தான் கண். கலந்து பார்க்கலாம் என்று வீட்டில் கிடந்த இரண்டு தயிர்ச் சட்டிகளை எடுத்து, ஒன்றில் நல்ல மணல், மற்றதில் கறுப்பு மணல், இரண்டிலும் ஒரே அளவு சீமெந்து போட்டேன். மறுநாள் முதல் சட்டி தட்டினால் 'டங்' என்றது. இரண்டாவதில் நகம் இறங்கியது. ஒரு கிழமை கழித்து விளிம்பு இறுகியிருந்தது, நடு இன்னும் உதிர்ந்தது. மணியைச் சுற்றிய எண்ணெய்ப் படலம் சீமெந்தையும் தண்ணீரையும் ஒட்டவிடாது.

சீமெந்தைக் கூட்டிப் போட்டால் சரிவரும்தான். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எண்ணெய் சமமாகப் பரவுவதில்லை. ஒயில் மாற்றிய இடத்தில் நாலரை அடி ஆழம், வாசல் பக்கம் ஓரடிகூட இல்லை. ஒரே கலவையை எல்லா இடமும் போட்டால் ஒரு மூலை கல்லாகும், இன்னொரு மூலை புட்டுமாவாகவே கிடக்கும். வீடு முழுவதும் அரை அங்குலம் இறங்கினால் சுவருக்குத் தெரியாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் யன்னல் மூலையிலிருந்து வெடிப்பு புறப்படும். பிறகு வருடாவருடம் பூசுவதும் கதவைச் சீவுவதும்தான் வேலை. வெட்டிய குழியில் அந்தச் சந்தேகம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆவணியில், தண்ணீர் மட்டம் இறங்கியிருந்த நேரம், பெக்கோ பிடித்து வெட்டினோம். அடியில் வெள்ளை மணல் தெரிந்த பிறகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி எடுத்துக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து, மேலே வானவில் படலம் மிதக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடத்தில் மிதந்தது, இன்னும் வெட்டினோம். பிறகு ஆறாறு அங்குலமாகக் கிரவல் போட்டு, தண்ணீர் தெளித்து, மெஷின் போட்டு இறுக்கினோம். மாரி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவசரம்.

நான் கட்டியது ஒரு தட்டு வீடு. மாடி வைப்பவர் மண் பரிசோதனை செய்யாமல் என் பேச்சைக் கேட்கவேண்டாம். எண்ணெய் பத்துப் பன்னிரண்டு அடி இறங்கியிருந்தால் வெட்டுவது நடக்காத காரியம், அங்கே சீமெந்தோ பைலோ (ஆழத்துக்கு இறக்கும் தூண்) பார்க்கத்தான் வேண்டும். முற்றத்துப் பாதைக்கு, எண்ணெய் கொஞ்சமாக இருந்தால், சீமெந்து கலவையே போதும் என்பேன்.

வெட்டிய மண்ணை எங்காவது பள்ளத்தில் கொட்டிவிடுவதாக டிப்பர்காரர் சொன்னார். விடவில்லை. காணியின் பின்பக்கம் தடித்த பொலித்தீன் விரித்து, சுற்றி வரம்பு கட்டி, மாட்டெருவும் கொஞ்சம் யூரியாவும் கலந்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுகிறோம். கிருமிகள் எண்ணெயைத் தின்ன ஈரமும் காற்றும் நைதரசனும் வேண்டும். எட்டு மாதமாகிறது. மேல்மண் இப்போது தண்ணீரைக் குடிக்கிறது. ஒரு சாண் கீழே தோண்டினால் இன்னும் முத்து முத்தாகத்தான் உருள்கிறது. மதிலடிக்கு நிரப்பலாமே என்று பாஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்.