விலை சொல்லும் முன் பத்திரத்தைக் கேட்ட அலுவலகம்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் உள்ள 80 சென்ட் தென்னந்தோப்பை இந்த ஆண்டு எங்கள் குடும்பம் கிரயம் வாங்கியது. அதற்குத் துணை நின்றது இராமநாதபுரத்தில் இயங்கும் ஓர் ஆவண எழுத்தர் அலுவலகம். அங்கே எங்களுக்குக் கிடைத்த சேவையைப் பற்றி, இதே கரையில் நிலம் தேடுவோருக்காக எழுதுகிறேன்.

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு, நாங்கள் பார்க்கப் போன ஒவ்வொரு தோப்புக்கும் எங்களுக்கு முன்பே யாராவது விலை கேட்டிருந்தார்கள். இந்தத் தோப்புக்கும் எங்களைத் தவிர இருவர் போட்டியில் இருந்தனர். தரகர் சென்ட் 45,000 ரூபாய் என்றார். அன்று மாலைக்குள் இரண்டு லட்சம் ரொக்கமாக அச்சாரம் கொடுத்தால்தான் இடம் நிற்கும் என்றும் அவசரப்படுத்தினார். அந்தப் பதற்றத்தோடுதான் அலுவலகத்தின் படியேறினோம். மூத்த ஆவண எழுத்தர் எங்களிடம் விலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மூலப் பத்திரம் கண்ணால பாத்தாச்சா தம்பி?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

அடுத்த மூன்று நாட்களில் அவர் செய்த வேலைக்காகவே இந்த அலுவலகத்தைப் பரிந்துரைக்கிறேன். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடைமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்கு எடுத்து, பட்டாவையும் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் பத்திரத்தின் நான்கு எல்லைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரியையும் எங்களை அருகில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். கூட்டுறவுச் சங்கக் கடனுக்காக நிலம் ஒருமுறை அடைமானம் வைக்கப்பட்டிருந்ததும், கடன் அடைந்த பின்னும் அதற்கான ரத்து ரசீது பதியப்படாமல் கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் வாரிசுச் சான்றில் இருந்தது. பட்டாவில் விற்பவர்களான தாயும் இரு மகன்களும் மட்டுமே இருக்க, தொண்டியில் வாழ்க்கைப்பட்ட மகளின் பெயர் வாரிசுச் சான்றில் தெளிவாக இருந்தது. அந்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடித்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து எங்கள் பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு நடந்திருப்பார்கள். தரகர் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை நினைக்க இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகே எங்கள் கேட்பு விலையை எழுத்தில் வைத்தோம். சென்ட்டுக்கு 42,000, மொத்தம் 33 லட்சத்து 60 ஆயிரம். முழுத் தொகையும் வங்கி வழியாகச் செலுத்தப்பட்டுப் பத்திரத்திலும் முழுமையாகக் காட்டப்படும். ரத்து ரசீதை 15 நாட்களில் விற்பவர் பதிந்து தர வேண்டும். மகள் உட்பட நால்வரும் கையெழுத்திட வேண்டும். இவை முடிந்ததிலிருந்து 45 நாட்களில் கிரயம். ரொக்க அச்சாரத்தை எழுத்தர் அடியோடு மறுத்தார். நில விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை விற்பவர் வீட்டுக்கே வந்து அந்தத் தாயிடம் பொறுமையாக விளக்கினார். வாய்ப்பேச்சோடு நிற்காமல் கிரய ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவும் செய்ய வைத்தார். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம்.

போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்பவர். எங்களைவிடச் சென்ட்டுக்கு 3,000 கூடுதலாகத் தர முன்வந்திருந்தார். வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசுரிமையாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியம் நிலமாக மாறும் இந்தக் கரையில் பலரும் இதை அறியாமலே முன்பணம் கொடுக்கிறார்கள். மற்றொருவர் தொகையை ஓராண்டில் தவணையாகத் தருவதாகச் சொன்னார். அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது பேத்தியின் திருமணத்துக்கு முன் கைக்கு வரும் முழுப் பணம். எங்கள் விலை குறைவாக இருந்தும், தேதியும் பணம் வரும் வழியும் எழுத்தில் இருந்ததால் எங்களுக்கே தர அவர் சம்மதித்தார்.

பத்திரச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்: முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். இதைக் கணக்கில் கொள்ளாமல் விலை கேட்பவர்கள்தான் கடைசி வாரத்தில் கடன் வாங்க அலைகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தங்கள் கூலி எவ்வளவு என்பதை நாங்கள் இரண்டு முறை கேட்ட பிறகே சொன்னார்கள். 15,000 ரூபாய் நியாயமானதுதான், ஆனால் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தைப் பற்றி அவர்களுக்குப் போதிய தெளிவு இல்லை. கடல் பெருகும்போது அலை எட்டும் எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் அந்த விதிகளுக்குள் வரும் என்பதையும், தோப்பில் சிறு வீடு கட்டுவதற்குக்கூட முன் அனுமதி தேவை என்பதையும் நாங்களாகத்தான் விசாரித்து அறிந்தோம். கிணற்று நீரைப் பார்ப்பது அவர்கள் வேலையும் அல்ல. கோடையில் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள், ஏனெனில் மழைக்காலத்தில் இங்கே உப்புக் கிணறும் இனிக்கும்.

ஒரே வாரத்தில் பதிவை முடித்துத் தர வேண்டும் என்பவர்களுக்கு இந்த அலுவலகம் ஒத்து வராது. எங்களுக்கு முதல் சந்திப்பிலிருந்து கிரயப் பதிவு வரை 71 நாட்கள் ஆயின. அதில் 20 நாட்கள் தொண்டி அக்காவின் வருகைக்காகக் காத்திருந்தவை.