ராமேஸ்வரத்தில் தங்குவதற்கு ரத வீதியா, கடலோரமா?

ஆவணி மாதத்தில் நான்கு இரவுகள் ராமேஸ்வரத்தில் தங்குவதென்று முடிவானதும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை வேண்டும். பத்து வயது மகளுக்குச் சன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். இருவரில் ஒருவரையும் பகைத்துக்கொள்ள முடியாமல், முதல் இரண்டு இரவுகளை மேற்கு ரத வீதியை ஒட்டிய ஒரு விடுதியிலும், அடுத்த இரண்டு இரவுகளை ஊருக்கு வடகிழக்கே ஓலைக்குடா பக்கம் கடலைப் பார்த்த ஒரு தங்கும் இல்லத்திலும் கழித்தோம். இரண்டைப் பற்றியும் குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். தவிர, அந்தக் குறைகளில் பெரும்பாலானவை இடத்துக்கு உரியவை. அடுத்த கட்டடத்தில் அறை எடுத்திருந்தாலும் அவை கூடவே வந்திருக்கும்.

இந்த ஊரில் தங்குமிடத்தைத் தீர்மானிப்பது ஈரத்துணி என்பது எனக்கு முதல் நாள் காலையிலேயே விளங்கிவிட்டது. அக்னி தீர்த்தத்தில் கடலாடிவிட்டு, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் நுழைந்து, 22 தீர்த்தங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக நனைய வேண்டும். கிணற்றுச் சுவரின் மேல் நிற்பவர்கள் கயிறு கட்டிய வாளியால் இறைத்து, வரிசையாக வருகிறவர்களின் தலையில் ஒரே வீச்சாக ஊற்றுகிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து நின்றால் ஓரத்தில் நிற்பவருக்குத் தோள் மட்டும்தான் நனைகிறது என்பதால், அம்மா ஒவ்வொரு கிணற்றிலும் நடுவில் போய் நின்றுகொண்டார். கோடி தீர்த்தம் முடியும்போது கல்தளம் முழுவதும் வழுக்கும் ஈரமாகவும், உடம்பு லேசான நடுக்கத்திலும் இருக்கும். ஆனால் அந்த ஈர உடையோடு மூலவர் சன்னதிக்குப் போக முடியாது. உடை மாற்றிக்கொண்டுதான் தரிசனம்.

உடை மாற்றக் கோயிலில் இடம் இருக்கிறது என்றாலும், கூட்ட நாளில் அங்கே நிற்கவே இடம் கிடைப்பதில்லை. மாற்றுத்துணிப் பையை யாராவது ஒருவர் நனையாமல் காத்துக்கொண்டு வெளியே நிற்கவும் வேண்டும். எங்களுக்கோ விடுதி ஆறு நிமிட நடை. அம்மா அறைக்கு வந்து, தலை துவட்டி, காபி குடித்து, அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு நடை சாத்துவதற்கு வெகு முன்பே தரிசனத்தை முடித்தார். மறுநாள் அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நாங்கள் நாலேகாலுக்குக் கிளம்பியபோது ரத வீதியில் தேநீர்க் கடைகள் திறந்திருந்தன, சங்கு வியாபாரிகள் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். தரிசனம் முடிந்து அம்மா யார் துணையும் இல்லாமல் தனியாகவே நடந்து திரும்பினார். ஓர் இரவுக்கு 2,200 ரூபாய் கொடுத்தது இந்த நடைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டால் அது அதிகமில்லை.

அறைக்காக என்றால் அதிகம். பால்கனி என்று சொல்லிக் கொடுத்த இடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்தின் சுவரைக் கை நீட்டித் தொடலாம். அதிகாலை மூன்று மணிக்கு யாத்திரைக் குழுக்கள் வந்து இறங்கி, சக்கரம் வைத்த பெட்டிகளை நடைவழி நெடுக உருட்டுவதால் அதற்கு மேல் தூக்கம் கிடையாது. எல்லோரும் ஈரத்தோடு திரும்புகிற இடம் என்பதால் மாடிப்படிகள் காலை முழுவதும் நனைந்தே கிடந்தன. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர், "சார், ஈரத்தோட லிஃப்ட்ல ஏறாதீங்க" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் அந்தப் படிகளைத் துடைக்க யாரையும் அனுப்பவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. குழாய்த் தண்ணீர் உவர்ப்பு, சோப்பு நுரைக்கவில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லாததால் காரைத் தொலைவில் விட்டுவிட்டு நடந்தோம். உணவுக்குச் சைவ மெஸ்கள் நிறையவே உண்டு. கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு இரண்டு நாளும் மீன் கண்ணில் படவில்லை என்பது மகளின் புகார்.

ஓலைக்குடா இல்லத்தில் ஓர் இரவுக்கு 3,500 ரூபாய். விளம்பரப் படத்தில் இருந்த கடல் அப்படியே இருந்தது: கண்ணாடிபோல், அலையே இல்லாமல். ஆனால் அது ஆவணியின் தயவு. தீவின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வடபுறம் அடங்கிக் கிடக்கும், தென்புறம் இரையும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகி, அதே சன்னலுக்கு வெளியே கலங்கிக் கொந்தளிக்கும் கடல்தான் இருக்கும். ஆகவே கடலோர அறையை முன்பதிவு செய்கிறவர்கள் படத்தைப் பார்ப்பதைவிட நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

கடல் தெரிந்தால் கடலில் குளிக்கலாம் என்று நினைத்ததும் எங்கள் தவறுதான். மகள் வந்ததும் வராததுமாகத் தண்ணீரை நோக்கி ஓடியபோது வீட்டுக்கார அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "பாப்பா, அங்கிட்டு எறங்காத, கல்லு காலைக் கிழிச்சுரும்." கரையோரம் முழுக்கப் பவளக்கல்லும் பாசியும்தான், மணல் ஒரு கோடுபோல மட்டும் இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் பாசி எடுக்கும் பெண்கள் முகத்தில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மூழ்கி மூழ்கி எழுவதைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தோம். பிள்ளைகளுக்கு மணலும் குளியலும்தான் முக்கியம் என்றால் பாம்பன் பாலத்தைத் தாண்டி உச்சிப்புளி பக்கமுள்ள அரியமான் கடற்கரைக்குப் போகலாம். ஆனால் அங்கே தங்கிக்கொண்டு ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்து போவது வீண் அலைச்சல்.

உப்புக்காற்று அறையை அரித்திருந்தது. சன்னல் தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை. ஏசி விடிய விடிய முனகியது. ஊருக்குள் போக ஒவ்வொரு முறையும் ஆட்டோவைத் தொலைபேசியில் அழைத்துக் காத்திருக்க வேண்டும், இரவில் அழைத்தால் வரத் தயங்குகிறார்கள். இவ்வளவையும் ஈடுகட்டியது சமையல். காலையில் நாட்டுப்படகில் வந்த நகரை மீன் மதியம் குழம்பாக வந்தது. புளி குறைவாக, காரம் இந்த மாவட்டத்து முண்டு மிளகாயில். கணவாய் வறுவலைப் பற்றித் தனியாக எழுதலாம், எழுதவில்லை.

தனுஷ்கோடியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரில் இரவு தங்க வழி இல்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். "தனுஷ்கோடி கடற்கரை விடுதி" என்று யாராவது சொன்னால், அது அந்தச் சாலையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மறுபடி போனாலும் இதே வரிசையில்தான் தங்குவேன்: முதலில் ரத வீதி, பிறகு கடல். முழங்கால் சரியில்லாத பெரியவர்கள் கூட வராவிட்டால் ரத வீதியில் ஓர் இரவு போதும். இதை மாற்றி, கடலோரத்திலிருந்து தீர்த்தமாட வந்த ஒரு குடும்பத்தைக் கிழக்குக் கோபுர வாசலுக்கு அருகே பார்த்தோம். ஈரச் சேலையோடு மூன்று பெண்கள் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். வந்து நின்ற ஓட்டுநர் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்ட பிறகுதான் அவர்களை ஏறச் சொன்னார்.

எங்கள் துணிகளும் ரத வீதி அறையின் குளியலறைக் கம்பியில் இரண்டு நாளாகக் காயாமல் வாடை அடித்துக்கொண்டிருந்தன. ஓலைக்குடாவில், கவிழ்த்து வைத்த வள்ளத்துக்கும் தென்னைக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றில் போட்டோம். கச்சான் ஒரு மணி நேரத்தில் மொரமொரவென்று காய வைத்துவிட்டது. கடலோரத்தைப் பற்றி அம்மா சொன்ன ஒரே நல்ல வார்த்தை, "துணி நல்லாக் காயுது" என்பதுதான்.