கரைப்பதா, இழுப்பதா? பெரிய ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதத்தில் எது எங்கே உதவும்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கையில் ஏற்றும் ஊசி மருந்தால் ரத்தக்கட்டியைக் கரைப்பது ஒன்று. தொடை இடுக்கில் குழாய் விட்டு, மூளை வரை போய், கட்டியை அப்படியே இழுத்து வெளியே எடுப்பது இன்னொன்று. இதற்குத் திராம்பெக்டமி என்று பெயர். "அதான் ஊசி போட்டாச்சே, அப்புறம் எதுக்கு லட்சக்கணக்குல இன்னொண்ணு?" என்று உறவினர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சின்னக் கிளை அடைத்திருந்தால் பெரும்பாலும் ஊசியோடு நின்றுவிடுவார்கள். கழுத்து வழியாக ஏறும் கரோட்டிட் தமனியின் மேல்முனையோ, அதிலிருந்து பிரியும் நடுப்பெருமூளைத் தமனியின் அடிப்பகுதியோ அடைத்தால் கதையே வேறு. ஒரு பக்கக் கை கால் முழுதாக விழுந்துவிடும், பேச்சு நின்றுபோகும், கண்கள் இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். இங்கே பேசுவது இந்த வகையைப் பற்றித்தான்.

முதலில் ஊசி. அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் கட்டாயம். குழாய் அடைத்ததா, வெடித்து ரத்தம் கசிந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கசிவு இருப்பவருக்குக் கட்டி கரைக்கும் மருந்தைப் போட்டால் ஆள் காலி. வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரையை வாயில் போட்டு அனுப்புவதும் அதனால்தான் தப்பு. நெஞ்சுவலிக்கு நினைவு வைத்திருக்கும் முதலுதவியை இங்கே எடுத்துவரக் கூடாது.

ஆல்டிப்ளேஸ் என்ற மருந்து பயன் தரும் என்று 1995-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆபத்து இல்லாமல் இல்லை. 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமானது. பெறாதவர்களில் இது 0.6 சதவீதம். இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகும், மூன்று மாதம் கழித்து ஊனம் குறைந்து இருந்தவர்கள் மருந்து பெற்றவர்கள் பக்கம்தான் அதிகம்.

இப்போது இதற்குப் போட்டியாக டெனெக்டிப்ளேஸ் வந்திருக்கிறது. 2022-இல் வெளியான கனடா ஆய்வில், கிட்டத்தட்டப் பழையபடி ஆனவர்கள் டெனெக்டிப்ளேஸில் 36.9 சதவீதம், ஆல்டிப்ளேஸில் 34.8. அதாவது மருந்தின் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நர்ஸின் கையில் தெரியும். ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி. என்று கணக்குப் போட்டு, பத்தில் ஒரு பங்கை முதலில் தள்ளிவிட்டு, மீதியைப் பம்ப்பில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பினால் அந்தப் பம்ப்பும் ஆம்புலன்ஸில் கூடவே போக வேண்டும். டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25. ஒரே சிரிஞ்ச், சில நொடிகளில் முடிந்துவிடும். இரண்டும் அலமாரியில் இருந்தால் நான் இதன் பக்கம்தான். அமெரிக்காவில் 2025-இல்தான் பக்கவாதத்துக்கு இதற்கு அனுமதி கிடைத்தது; இந்தியாவில் அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் இரண்டு ஊசிக்கும் ஒரே பலவீனம் உண்டு. பெரிய குழாயில் பெரிய கட்டி. 8 மி.மீ.க்கு மேல் நீளமான கட்டி ஊசி மருந்துக்குக் கரைவது அரிது என்று 2011-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வு சொன்னது. ரத்த ஓட்டமே நின்றுபோன இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

அங்கேதான் திராம்பெக்டமி. கேத் லேபில், அதாவது எக்ஸ்-ரே வழிகாட்டலில் குழாய் விடும் அறையில், படுக்கவைத்து, தொடைத் தமனி வழியாகக் குழாயை நுழைத்து, எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடியே மகாதமனி, கழுத்து, மூளை என்று ஏற்றுகிறார்கள். மெல்லிய கம்பி கட்டியைத் தாண்டிப் போகும். அதன் மேலாகச் சுருங்கிய வலைக்குழல் ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டிக்குள்ளேயே விரியவிடுவார்கள். கட்டி வலைக் கண்களுக்குள் சிக்கிக்கொள்ளச் சில நிமிடம் காத்திருந்து, பின்னாலிருந்து உறிஞ்சிக்கொண்டே இழுப்பார்கள். வெளியே வருவது கருஞ்சிவப்பாகச் சில மில்லிமீட்டர்தான். திரையில் மரம் போலத் தெரியும் ரத்தக்குழாய்களின் அடுத்த படத்தில், ஒரு பக்கக் கிளைகள் காணாமல் போயிருந்த இடத்தில் எல்லாக் கிளையும் வந்திருக்கும். வலையா, வெறும் உறிஞ்சுகுழாயா என்று தனியாக ஒரு சர்ச்சை உண்டு. 2017-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குழாயைத் திறந்தன. குடும்பத்தார் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், டாக்டரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடலாம்.

இந்தச் சிகிச்சைக்கும் ஒரு சறுக்கல் உண்டு. 2013-இல் மூன்று ஆய்வுகள் இதனால் கூடுதல் பயன் இல்லை என்றே சொல்லிவிட்டன. அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகள். பெரிய குழாய் அடைத்திருப்பதை ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் படத்தில்) உறுதி செய்யாமலே சிலரைச் சேர்த்துமிருந்தார்கள். 2015-இல் அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகள் நிலைமையைத் தலைகீழாக மாற்றின. நெதர்லாந்து ஆய்வில், பிறர் தயவின்றித் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் 32.6 சதவீதம், திராம்பெக்டமி செய்யப்படாதவர்களில் 19.1. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தபோது 46-க்கு 26.5. ரத்தக்கசிவு கூடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் இரண்டு பக்கத்தாரிலும் பெரும்பாலானோருக்கு ஊசி போடப்பட்டிருந்தது. அதாவது ஒப்பிட்டது ஊசியையும் கருவியையும் அல்ல. ஊசியை மட்டும் ஒரு பக்கமும், ஊசியோடு கருவியை இன்னொரு பக்கமும்.

சரி, எப்படியும் இழுத்து எடுக்கப்போகிறோம், ஊசியை விட்டுவிட்டால் என்ன? ஆறு ஆய்வுகள் இதைக் கேட்டன. அவற்றைத் திரட்டிய 2023 அலசல், ஊசியை விட்டாலும் நஷ்டமில்லை என்று நிரூபிக்க முடியாமல் நின்றது. 2025-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் தெளிவு. திராம்பெக்டமிக்கு முன் டெனெக்டிப்ளேஸ் பெற்றவர்களில் 52.9 சதவீதம் பேர் சுயமாக இயங்கினார்கள், பெறாதவர்களில் 44.1. எனவே ஊசி போடத் தடை ஏதும் இல்லாத ஆளுக்கு, நாலரை மணி நேரத்துக்குள் என்றால், இரண்டுமே வேண்டும். சமீபத்தில் பெரிய ஆபரேஷன் நடந்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் போன்றவர்களுக்கு ஊசி ஆகாமல் போகலாம். அவர்களுக்கும் திராம்பெக்டமி செய்ய வாய்ப்புண்டு.

நேரம் கடந்தவர்களுக்கும்தான். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் கோணி எழுந்தால், கணக்கு எழுந்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. 2018-இல் வந்த டான் ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் வரை ஆனவர்களில், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை இன்னும் மிச்சம் இருந்தவர்களை மட்டும் எடுத்தது. திராம்பெக்டமி செய்யப்பட்டவர்களில் சுயமாக இயங்கியவர்கள் 49 சதவீதம், செய்யப்படாதவர்களில் 13. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் நிதானமாகக் கிளம்பிவிடக் கூடாது. பெரிய குழாய் அடைத்த மூளையில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006-இல் போட்ட கணக்கு.

இரண்டும் கைகொடுக்காமல் மூளை வீங்கினால், மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. 60 வயது வரையுள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்தபோது 78 சதவீதம் பேர் பிழைத்தார்கள், செய்யாதவர்களில் 29. இது உயிரைக் காக்கும், போன கை காலைத் திருப்பித் தராது.

நம் ஊரில் நிஜமான போட்டி ஊசிக்கும் கருவிக்கும் அல்ல, பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் தூரத்து ஆஸ்பத்திரிக்கும்தான். திராம்பெக்டமி செய்யும் குழுக்கள் சென்னை, கோவை, மதுரை, வேலூர் போன்ற ஊர்களில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. சி.டி.யும் ஊசியும் அதைவிடக் கிட்டத்தில் கிடைக்கும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1,401 பேரை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். நேரே பெரிய மையத்துக்குப் போனவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத் திராம்பெக்டமி கிடைத்தது, முதலில் உள்ளூருக்குப் போனவர்களில் 39.4. ஊசியில் இது தலைகீழ்: 47.5-க்கு 60.4. மூன்று மாத முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே உள்ளூர் ஆஸ்பத்திரியும் ஆம்புலன்ஸும் பெரிய மையமும் ஒரே ஒழுங்கில் பழகியவை. இங்கே ஒரு ரெஃபரல் கடிதத்துக்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். பெரிய மையம் அரை மணி, முக்கால் மணி தூரத்தில் இருந்தால் நேரே போவதே நல்லது என்பேன். அதைவிடத் தூரம் என்றால் சி.டி.யும் ஊசியும் உள்ள கிட்டத்து ஆஸ்பத்திரி.

அங்கிருந்து அனுப்பும்போது கடிதத்தில் இரண்டு நேரங்கள் இருக்க வேண்டும்: கடைசியாக நன்றாக இருந்தது, ஊசி போட்டது. ஸ்கேன் படங்களைக் குறுந்தட்டிலோ போனிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்யச் சொல்லுங்கள். இரவென்றால் கேத் லேப் குழு வீட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடக்கூடிய உறவினர் ஒருவர், நோயாளி சாப்பிடும் மாத்திரைகளோடு அதே ஆம்புலன்ஸில் ஏறட்டும்.