லீவில் வந்து ஐயூஐ, விந்தணு எடுப்பு: ஊரில் நடைமுறை எப்படி இருக்கிறது

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ 30 நாள் லீவில் வந்து, "இந்தத் தடவை ஒரு ஐயூஐ (விந்தணுவைக் கழுவி நேராகக் கருப்பைக்குள் விடும் சிகிச்சை) பார்த்துவிடுவோம்" என்று கருத்தரிப்பு மையத்துக்குப் போகிற தம்பதிகளுக்கு முதல் முட்டுக்கட்டை காலண்டர்தான். மனைவிக்கு மாதவிலக்கான 2 அல்லது 3-ஆம் நாள் ஸ்கேனில்தான் எல்லாம் தொடங்கும். 12-ஆம் நாளில் வந்து இறங்கினால் அந்தச் சுற்று போச்சு. அடுத்தது தொடங்குவதற்குள் பாதி லீவு கரைந்துவிடும். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் பார்க்கப்போகும் டாக்டரே சொல்லட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் ஹார்மோன் டெஸ்டும் ஸ்கேனும் குழம்பும்.

அடுத்த சிக்கல் நம் வீடுகளில் பழகிப்போனது. மனைவிக்கு ட்யூப் டெஸ்ட் (கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பது), ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), தைராய்டு எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். கணவர் ஒரு செமன் அனாலிசிஸ் (விந்துப் பரிசோதனை) கூடக் கொடுத்திருக்க மாட்டார். இருப்பதிலேயே எளிதான, மலிவான டெஸ்ட் அது. விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வெளிநாட்டில் கொடுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் கீழ் எல்லை இது: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 சதவீதம் என்று பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம், அது இயல்புதான். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 75 நாள் ஆகும் என்பதால், இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல் இன்றைய கவுண்ட்டில் தெரியும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் கவுண்ட் பூஜ்யத்துக்கே போகலாம். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

சாம்பிள் கொடுக்க 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். சாம்பிள் ரூம் என்ற பெயரில் தாழ்ப்பாள் சரியாக விழாத பாத்ரூமைக் காட்டும் இடங்கள் இன்னமும் உண்டு. வீட்டில் எடுத்துவர அனுமதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். சென்னை டிராஃபிக்கில் தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் என்றால் அந்த யோசனையே வேண்டாம். டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது. எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண காண்டம் எல்லாமே அணுக்களைக் கெடுக்கும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் தப்பாக வரும்.

ஐயூஐ செய்ய ஒரு ட்யூபாவது திறந்திருக்க வேண்டும். வழக்கமான முறையில் 3-ஆம் நாளிலிருந்து ஐந்து நாள் முட்டையை வளர்க்கும் லெட்ரோசோல் மாத்திரை, 9 அல்லது 10-ஆம் நாளிலிருந்து அது வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன். முட்டை வளரும் சிறு பை (ஃபாலிக்கிள்) 18 மி.மீ. அளவை எட்டி, கருப்பை உள்சுவர் 7 மி.மீ.க்கு மேல் வந்ததும், முட்டை வெடித்து வெளிவர ஹெச்சிஜி ஊசி. ஊர்ப் பேச்சில் 'ரப்சர் ஊசி'. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் ஐயூஐ. ஊசி போட்ட நேரத்தை எழுதி வையுங்கள். இரவு பத்து மணி என்று சொன்னால் பத்துதான். அன்று காலை சாம்பிளைக் கழுவிச் செறிவாக்கி, 0.3 முதல் 0.5 மி.லி. மட்டும் மெல்லிய குழாயால் கருப்பைக்குள் விடுவார்கள். கழுவாத விந்தை உள்ளே விடக்கூடாது. அதிலுள்ள பிராஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருட்டி இழுத்துக் கடும் வலி தரும். கழுவியபின் நீந்தும் அணுக்கள் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் தொடரலாம். 10 லட்சத்துக்கும் கீழே என்றால் ஐயூஐயில் பணமும் லீவும்தான் போகும். மூன்று நான்கு பெரிய முட்டைகள் வந்துவிட்டால் நல்ல டாக்டர் அந்தச் சுற்றையே நிறுத்திவிடுவார், இரட்டை, மூன்று கருவுக்குப் பயந்து. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். 'பதினைந்து நாள் படுக்கையை விட்டு எழாதே' என்பது மாமியார் வைத்தியம். ரத்தப் பரிசோதனை இரண்டு வாரம் கழித்து. ஒரு சுற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் கரு நிற்கும், அதனால் ஒரே லீவில் ஒரே முயற்சி என்று மனதைத் தயார் செய்துகொண்டு வருவது சரியல்ல.

ரிப்போர்ட்டில் 'நில்' (Nil, அதாவது விந்தில் அணுவே இல்லை) என்று வந்தவர்களுக்குக் கதை வேறு. இங்கேதான் பெரிய தவறான எண்ணம் ஒன்று: ஊசியால் விரையிலிருந்து அணு எடுத்து, அதை வைத்து ஐயூஐ செய்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. அப்படிக் கிடைப்பவை குறைவு, நீந்தும் வலுவும் இருக்காது. ஒரு முட்டைக்குள் ஓர் அணுவை நேராகச் செலுத்தும் இக்சிக்குத்தான் அவை ஆகும். அதாவது மனைவிக்கு 9 முதல் 12 நாள் ஊசி, முட்டை எடுப்பு, பெரும்பாலும் அடுத்த சுற்றில் கரு வைப்பு.

முதலில் காரணத்தைப் பிரிக்க வேண்டும். வழி அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா? எஃப்எஸ்ஹெச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், விரையின் அளவு, இரண்டாவது சாம்பிளைச் சுழற்றி அடியில் தேடிப் பார்ப்பது ஆகியவற்றால் இது தெரியும். அடைப்பு என்றால் பீசா: விந்துக்குழாய் சுருளில் ஊசி குத்தி எடுப்பது, மரத்துப்போகும் ஊசியிலேயே அரை மணியில் முடியும். உற்பத்திக் கோளாறு என்றால் மைக்ரோ டீசி. விரையைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் பருத்து வெளிறிய நுண்குழாய்களைத் தேடித் தேடி எடுப்பார்கள். மயக்கம் கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம் கூட ஆகும். கிடைப்பது பாதிக்குப் பாதி. அதற்கு முன் குரோமோசோம் டெஸ்டும் ஒய் குரோமோசோம் டெஸ்டும் கட்டாயம் பாருங்கள். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான ஏஇசட்எஃப் என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுக்க இல்லையென்றால் அறுவையில் எதுவும் கிடைக்காது. சி பகுதி மட்டும் இல்லை என்றால் வாய்ப்பு உண்டு. எஃப்எஸ்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் இரண்டுமே குறைவாக இருந்தால் கத்தியே வேண்டாம், மாதக்கணக்கில் ஹார்மோன் ஊசியிலேயே அணு வரலாம். சர்க்கரை நோயாளிக்கு விந்து மிகக் குறைவாக வந்தால் அது சிறுநீர்ப்பைக்குள் திரும்புகிறதா என்று சிறுநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலிருந்தே அணுவைப் பிரித்தெடுக்கலாம்.

லீவில் வருபவர்களுக்கு எங்கள் யோசனை: மைக்ரோ டீசியை முதல் வாரத்திலேயே முடித்து, கிடைத்ததைப் பல குப்பிகளாகப் பிரித்து உறையவைப்பது. உருக்கும்போது கொஞ்சம் அழியும், உண்மைதான். ஆனால் மனைவிக்கு ஊசியெல்லாம் போட்டு முட்டையும் எடுத்தபின் 'அணு இல்லை' என்று கேட்பதைவிட அது மேல்.

2021-இன் ஏஆர்டி சட்டம் (கருத்தரிப்பு சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டம்) வந்தபின் காகித வேலை கூடியிருக்கிறது. ஐயூஐ மட்டும் செய்யும் மையம் லெவல் 1. விரையிலிருந்து அணு எடுப்பது, உறையவைப்பது, இக்சி எல்லாம் லெவல் 2 பதிவு உள்ள இடத்தில்தான். சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். மனைவிக்கு 21 முதல் 50, கணவருக்கு 21 முதல் 55 வயது. திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். கணவர் முன்னதாகக் கிளம்புகிறார் என்றால் எந்தெந்தச் சம்மதத்தை இப்போதே எழுதலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தானமாக விந்தணு வேண்டுமென்றால் பதிவுபெற்ற வங்கி வழியாக மட்டுமே, கொடுப்பவர் யார் என்று சொல்லமாட்டார்கள். 'தம்பியையே கூட்டிட்டு வர்றோம்' என்பது நடக்காது. உறையவைத்த சொந்த அணுவையோ கருவையோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும், எனவே அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி உறையவைக்க வேண்டாம். கிளம்பும் முன் எத்தனை குப்பி, எந்தத் தேதி, வருடச் சேமிப்புக் கட்டணம் எவ்வளவு, அறுவையில் எடுத்த திசுவின் ரிப்போர்ட் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் ரப்சர் ஊசி, ஸ்பெர்ம் வாஷ், ஸ்கேன் மூன்றும் பேக்கேஜுக்குள்ளா வெளியேயா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.