கார் ஏசி காற்று குறைந்தால்: சாதா ஃபில்டரா, கார்பன் ஃபில்டரா?

குளிர் இருக்கிறது, காற்றுதான் இல்லை. புளோயரை நாலில் வைத்தால் சத்தம் மட்டும் நாலுக்கு ஏறுகிறது, காற்று ஒன்றிலேயே நிற்கிறது. என் கார் இப்படி ஆனபோது மெக்கானிக் கேஸ் ஏற்றிவிடலாம் என்றார். கேஸ் குறைந்தால் முதலில் குளிர்தானே போகும், காற்று ஏன் குறைய வேண்டும் என்று உறுத்தியதால் நானே குளோவ் பாக்ஸைக் கழற்றி, பின்னால் இருந்த ஏசி ஃபில்டரை உருவினேன். காய்ந்த இலை, முடி, மெத்தை கனத்துக்குத் தூசி.

குற்றவாளி இதுதானா என்று பார்க்க, ஃபில்டர் இல்லாமல் ஒரு நிமிடம் புளோயரை ஓட்டினால் போதும். காற்று சீறி வந்தால் சந்தேகமே வேண்டாம். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். முதலில் நன்றாக வந்து, அரை மணி நேரத்தில் மங்கி, ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்ததும் திரும்பினால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அதற்கும் அடைத்த ஃபில்டரே காரணமாக இருக்கலாம்.

சரி, புதிதாக எதைப் போடுவது? கார்பன் ஃபில்டரில் தூசி பிடிக்கும் அடுக்கோடு கரித்துகள் அடுக்கும் இருப்பதால் முன்னால் போகும் லாரியின் புகை நாற்றம் உள்ளே குறைவாக வரும். இது உண்மையான லாபம், மறுக்கவில்லை. கூடுதல் அடுக்கு காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்பார்கள். புதிதாக இருக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

ஆனாலும் நான் போட்டது சாதா ஃபில்டர். காரணம் ஒன்றே ஒன்று: அது வெள்ளையாக இருக்கிறது. சிரிக்க வேண்டாம். என் பழைய ஃபில்டர் கார்பன்தான், பிறக்கும்போதே சாம்பல் நிறம், நடுவில் ஒருமுறை எடுத்துப் பார்த்தும் அழுக்கா கரியா என்று புரியாமல் அப்படியே திரும்பச் சொருகியவன் நான். கரி எவ்வளவு நாற்றத்தை உறிஞ்சித் தீர்ந்துவிட்டது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. விலை கூடுதல் என்பதால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று மனசும் இழுக்கும், அதற்குள் மடிப்புகள் அடைத்துவிடும். வெள்ளை ஃபில்டர் எடுத்த நொடியே காட்டிக்கொடுக்கும், மலிவு என்பதால் தூக்கிப்போடவும் கை கூசாது. பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை அல்லது 15,000 கிலோமீட்டர் என்பார்கள்; தூசி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

தினமும் நெரிசலில் நிற்பவர், புகை நாற்றம் தாங்காதவர் கார்பனே போடலாம், மாற்றும் தேதியை மட்டும் ஃபில்டர் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். இரண்டையுமே கழுவிப் போடாதீர்கள், தூசியை இழுத்துப் பிடிக்கும் மின்னேற்றம் அந்த இழைகளில் இருந்து போய்விடும். கழுவிப் பயன்படுத்தவே செய்த வகை தனியாக உண்டு. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்புறம், ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். நான் முதல் தடவை தலைகீழாகத்தான் போட்டேன்.