கால் ரத்தக்குழாய் அடைப்பு: மாத்திரையா, நடையா, இரண்டுமா?

கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதையைக் கவ்விப் பிடிக்கிறது வலி. நின்றால் சில நிமிடங்களில் போய்விடுகிறது. காலுக்குப் போகும் தமனி சுருங்கியதால் வரும் இந்த வலிக்கு எல்லோரும் முதலில் தேடுவது மாத்திரையைத்தான். ஆனால், நடக்கும் தூரத்தைக் கூட்டுவதில் நடைப்பயிற்சிக்கே பலம் அதிகம்.

மாத்திரைகளிலும் இரண்டு வகை உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் போன்றவை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. எவ்வளவு நடந்தாலும் இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடையைக் கூட்டுவதற்கென்றே தருவது சிலோஸ்டசோல். வழக்கமான அளவு 100 மி.கி., தினமும் இருவேளை. சாப்பிடுவதற்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. பழைய மருந்தான பென்டாக்சிஃபைலினை, இந்த வலிக்குப் பலன் தராது என்று 2016-லேயே அமெரிக்க வழிகாட்டுதல் ஒதுக்கிவிட்டது.

பயிற்சி என்பது காலாற உலாவுவது இல்லை. மேற்பார்வையில், பெரும்பாலும் டிரெட்மில்லில் செய்வது. வலி தொடங்கியதும் நின்றுவிடாமல், அது நன்றாக ஏறும்வரை நடக்க வேண்டும்; உட்கார்ந்து, வலி முழுதாக அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். அடைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கிடைக்கிற ஆக்சிஜனை வைத்து அதிக வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது. வலியோடு நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும்தான். அதனாலேயே பக்கத்தில் ஒருவர் இருந்து தைரியம் சொல்வது முக்கியம்.

சரி, இரண்டையும் சேர்த்தால்? அமெரிக்காவில் நடந்த 'கிளெவர்' ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. வயிற்றுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பெரிய தமனியில் அடைப்பு இருந்தவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் சிலோஸ்டசோல் உள்ளிட்ட மருந்து உண்டு. ஆறு மாதத்தில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு டிரெட்மில்லில் நடக்கும் நேரம் சராசரியாக 1.2 நிமிடம் கூடியது; மருந்தோடு ஸ்டென்ட் (அடைத்த தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு 3.7, மருந்தோடு பயிற்சி செய்தவர்களுக்கு 5.8. அன்றாட வாழ்க்கைத் தரத்தைக் கேட்டபோது மட்டும் ஸ்டென்ட் வைத்தவர்கள் சற்று முன்னே நின்றார்கள்.

ஆகவே என் தேர்வு இரண்டும்தான்: காக்கும் மாத்திரைகள் எப்போதும், பயிற்சி உடனே, தேவைப்பட்டால் சிலோஸ்டசோல் கூடவே. புகைபிடிப்பவர் என்றால் அதை இன்றே விட வேண்டும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, காலில் ஆறாத புண் இருந்தாலோ இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர்கள் நடந்து பார்த்துக் காத்திருக்காமல், உடனே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.