பத்தரை அடியிலிருந்து இறங்கும்போது: கோவளம் அலைக்கு எந்தச் சின்ன சப் போர்டு?

பழகுவதற்காக வாங்கிய 10'6" சப் போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை) முட்டுக்காடு உப்பங்கழியில் சொன்னபடி கேட்கும். அதையே சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் முனைக்கு எடுத்துப்போனால் அலை பிடிப்பதும் சுலபம்தான். பிடித்தபின் திருப்புவதில்தான் வம்பு. அகலமான வால் தண்ணீருக்குள் இறங்க மறுக்கும். நீண்ட மூக்கு, செங்குத்தான அலையில் முங்கும். ஆள் விழுந்தால் பத்தரை அடிப் பலகை பின்னால் வருகிறவர் மேல் பாயும். அப்போது எல்லோரும் கேட்பது, “அடுத்து எத்தனை அடி வாங்கலாம்?” என்பது. கேட்க வேண்டிய வரிசை வேறு: முதலில் லிட்டர், அதாவது போர்டின் கொள்ளளவு, அடுத்து அகலம், நீளம் மூன்றாவது.

லிட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆள் 75 கிலோ. போர்டு 8 கிலோ. துடுப்பு, லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு), நனைந்த உடை எல்லாம் சேர்த்து 2 கிலோ. ஆக மொத்தம் 85 கிலோ. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ. அப்படியானால் 83 லிட்டர் போர்டு முழுக்க அமிழ்ந்து, டெக் (ஆள் நிற்கும் மேற்பரப்பு) நீர்மட்டத்தோடு மட்டமாக நிற்கும். 100 லிட்டர் போர்டில் கைவசம் இருக்கும் மிதப்பு 17 லிட்டர். 120 லிட்டரில் 37. கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, மிதப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பத்து லிட்டர்தானே என்று கடையில் விட்டுக்கொடுத்தால் தண்ணீரில் அது பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு: முதல் சின்ன போர்டுக்கு உடல் எடையை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்குங்கள். சனி ஞாயிறு மட்டும் கடலுக்குப் போகிறவர் 1.7 வரை போகலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் அலையில் இருப்பவருக்கு 1.3 போதும். 1.1, 1.2 எல்லாம் தேர்ந்தவர்களின் சமாச்சாரம். 75 கிலோ ஆளுக்கு முதல் இறக்கம் 112 முதல் 120 லிட்டர் என்று வருகிறது.

அந்த லிட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். போர்டைப் படுக்கவைத்து, நடுப்பகுதியில் ரெயிலை, அதாவது பக்க விளிம்பை, கையால் பற்றிப் பாருங்கள். பெட்டி மாதிரி தடித்து, விரல்கள் வளைத்துப் பிடிக்க முடியாமல் இருந்தால் போர்டு பக்கவாட்டில் ஆடாது. ஆனால் திருப்பும்போது அந்த ரெயிலை அலைக்குள் அழுத்த அதிக பலம் வேண்டும். நடுவில் உப்பி விளிம்பில் மெலிந்த போர்டு நேர்மாறு. ஒரே அகலம், ஒரே லிட்டர் போட்ட இரண்டு போர்டுகள் காலடியில் வேறுவேறாக நடந்துகொள்வது பெரும்பாலும் இந்த ரெயிலால்தான்.

கடலையும் பார்க்க வேண்டும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலை, முனையைச் சுற்றித் திரும்பி வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும். காலையில் தரைக்காற்று அலை முகத்தைச் சீவிவிட்டதுபோல வைத்திருக்கும். பகல் ஏறக் கடற்காற்று கிளம்பினால் குறுக்கும் நெடுக்குமாகச் சிற்றலை. சின்ன போர்டில் ஆளைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இந்தச் சிற்றலைதான். பெரிய அலையின் பங்கு அதில் குறைவு. அதோடு இந்த மாதங்களில் மீனவர்கள் தெண்டி என்று சொல்லும், தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் வடக்கே இழுக்கும். குறைந்த லிட்டர் போர்டு துடுப்புக்கு மெதுவாகத்தான் நகரும், அதனால் முனைக்குத் திரும்பிப் போவதற்கே பாதி பலம் செலவாகிவிடும்.

கடையிலும் கைமாற்றுச் சந்தையிலும் கிடைக்கும் சின்ன அலை போர்டுகள் நான்கு வகைக்குள் அடங்கும். கீழே வரும் அளவுகள் எல்லாம் 75 கிலோ ஆளுக்கானவை.

9'0" – 9'6", அகலம் 29–30 அங்குலம், 125–135 லிட்டர்: லாங்போர்டு வகை

வட்ட மூக்கு, குறைந்த ராக்கர் (மூக்கும் வாலும் மேல்நோக்கி வளையும் அளவு). ஃபனாட்டிக் ஸ்டைல்மாஸ்டர் இந்த இனம். அலை மேடு கட்டும்போதே ஏறிக்கொள்ளும். நடுவில் அலை தளர்ந்தாலும் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த பகுதியைப் பிடிக்கும். முழங்கால் உயர அலை நாட்களில் இதை விஞ்ச மற்ற மூன்றாலும் ஆகாது. திருப்ப வேண்டுமென்றால் பின்காலை ஒரு முழம் பின்னே நகர்த்தி வாலை மிதிக்க வேண்டும், அது தனியாகப் பழகவேண்டிய வித்தை. கரையோரம் ஒரே வீச்சில் மூடி உடையும் அலையில் மூக்கு முங்கும். ஒரு அடிதான் குறைந்திருக்கிறது என்பதால் கூட்டத்தில் ஆபத்தும் அவ்வளவுதான் குறையும். 85 கிலோவைத் தாண்டியவர்கள், முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் லிட்டரை இன்னும் கூட்டி இதை எடுத்தால் நிம்மதி.

8'2" – 8'8", அகலம் 30–31 அங்குலம், 115–122 லிட்டர்: உருண்ட நடு வகை

ஸ்டார்போர்டு வெட்ஜ், நைஷ் மானா மாதிரியானவை. பார்க்கக் கவர்ச்சி இல்லை, குண்டாகத்தான் இருக்கும். முதல் இறக்கத்துக்கு நம் ஓட்டு இதற்குத்தான். காரணம் அகலம். பழைய போர்டின் 32 அங்குலத்திலிருந்து 30-க்கு வரும்போது கால்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும். 28-க்குக் குதித்தால் முழு சீசனும் நிற்கக் கற்றுக்கொள்வதிலேயே போகும். நீளம் இரண்டடி குறைவதால், முனையில் அலைகள் வரிசையாக வரும்போது சட்டென்று 180 பாகை திருப்பி நான்கைந்து துடுப்பில் அலையைப் பிடிக்கலாம். இடுப்பு முதல் மார்பு உயரம் வரையிலான அலையில் அடிவளைவும் மேல்வளைவும் (அலையின் அடியிலும் உச்சியிலும் போர்டைத் திருப்புவது) உண்மையாகவே வரும்.

குறை இரண்டு. தலை உயரத்தைத் தாண்டிய வேகமான அலையில் அகன்ற வால் துள்ளும், பிடிப்பு விட்டுப்போகும். இன்னொன்று, துடுப்பு போடும்போது மூக்கு இடமும் வலமும் அலையும். பத்தரை அடியில் போடுவதுபோல நீண்ட வளைவான வீச்சு இங்கே உதவாது. துடுப்புத் தண்டு செங்குத்தாக, ரெயிலை ஒட்டி, கால்விரலுக்கு அரை மீட்டர் முன்னே இறங்கி, பாதத்தருகே வெளியே வந்துவிட வேண்டும். பாதத்தைத் தாண்டி இழுக்கும் ஒவ்வொரு அங்குலமும் போர்டைத் திருப்பத்தான் செய்யும்.

7'4" – 7'10", அகலம் 30–31 அங்குலம், 110–120 லிட்டர்: மழுங்கல் மூக்கு வகை

மூக்கை வெட்டிவிட்ட மாதிரி இருக்கும், இரண்டு ரெயிலும் ஏறக்குறைய இணைகோடு. ஸ்டார்போர்டு ஹைப்பர்நட் தெரிந்த பெயர். உருண்ட வகைக்குக் கிட்டத்தட்ட அதே லிட்டர், அதே அகலம், முக்கால் அடிக்கு மேல் நீளக் குறைவு என்பதால் இதுதான் கெட்டிக்காரத் தேர்வு என்று தோன்றும். பக்கவாட்டில் உண்மையிலேயே உறுதி. ஆட்டம் முன்னும் பின்னும். பாதம் ஐந்து விரற்கடை முன்னே போனால் மூக்கில் தண்ணீர் ஏறும், பின்னே போனால் வால் அமிழ்ந்து பிரேக் போட்டதுபோல நிற்கும். இணையாகக் கால் வைத்து நிற்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஒரு காலைக் கொஞ்சம் பின்னே வைத்த அரைச் சாய்வு நிலையில்தான் துடுப்பு போடவேண்டும். சாதாரண சர்ஃப்போர்டு ஏற்கெனவே ஓட்டுபவருக்கு இது இயல்பாக வரும். அவர்கள் உருண்ட வகையைத் தாண்டி நேராக இதற்கே போகலாம். சப் மட்டுமே தெரிந்தவருக்கு, அதிலும் மதியக் காற்றில், முதல் இரண்டு மாதம் கடுப்பேற்றும்.

7'10" – 8'2", அகலம் 27–28 அங்குலம், 95–102 லிட்டர்: கூர்மூக்கு வகை

ஸ்டார்போர்டு ப்ரோ, நைஷ் ஹொகுவா, ஃபனாட்டிக் ப்ரோவேவ் இந்தப் பக்கம். மெலிந்த ரெயில், அதிக ராக்கர், ஒடுங்கிய வால். அலை செங்குத்தாகி ஓடும்போது மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வரமுடியாது. இலங்கையில் அறுகம் குடா முனையின் நீண்ட வலப்பக்க அலைக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இது பொருத்தம். கோவளத்தின் சராசரி நாளில் இதன் திறமைக்கு வேலையே இருக்காது. ராக்கர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதால் தளர்ந்த அலை கையைவிட்டு நழுவிவிடும். நிற்பதற்கே 17 லிட்டர் மிச்சம்தான் என்பதை மறக்கவேண்டாம். இரண்டாவது சின்ன போர்டாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம்.

காற்றடைக்கும் போர்டில் எட்டடி அளவு கிடைக்கிறது, மாடி வீட்டில் வைத்துக்கொள்ள வசதி. அலைக்கு எடுக்காதீர்கள். ஐந்தாறு அங்குல உருண்டை ரெயில் அலை முகத்தைக் கடிக்காது, நடுவில் வளைந்தும் கொடுக்கும்.

வாங்கும் முன்

வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கி ஓட்டிப் பாருங்கள், ஆனால் உப்பங்கழியில் அல்ல. தட்டைத் தண்ணீரில் எல்லா போர்டும் நல்ல போர்டுதான். கடலில், லேசான சிற்றலை இருக்கும் நேரத்தில், துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு ஒரே பக்கம் ஆறு வீச்சு போட்டு மூக்கு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். முட்டிபோட்டு எழுந்து நிற்பதைப் பத்துமுறை செய்யுங்கள். களைத்த பிறகும் எழ முடிகிறதா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் அலையில் அதைத்தான் ஓயாமல் செய்யப்போகிறீர்கள்.

பழைய போர்டு என்றால் வீட்டுத் தராசை எடுத்துப்போங்கள். ஃபின் (வாலின் அடியில் பொருத்தும் தகடு) இல்லாமல் எடைபோட்டு, தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட ஒரு கிலோ கூட இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று சந்தேகியுங்கள். டெக் பேடின் விளிம்பை ஒட்டி, குதிகால் படும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதபொதவென்று அமுங்கினால் மேல்தோல் ஃபோமைவிட்டுப் பிரிந்துவிட்டது. ஃபின் பெட்டியைச் சுற்றி முடிபோன்ற விரிசல், லீஷ் கொக்கி அடியில் பழுப்புக் கறை, இரண்டும் விலை பேச வைக்கும் காரணங்கள். காற்றுத் துளையில் திருகு இருக்கும் மாடலாக இருந்தால் அது இருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடலில் அது மூடியிருக்க வேண்டும், கார் மேல் வெயிலில் கட்டியிருக்கும்போது திறந்திருக்க வேண்டும். மூடிவைத்தால் உள்ளே காற்று விரிந்து தோல் கொப்பளிக்கும்.

ஃபின் விஷயத்தில், ஃபியூச்சர்ஸ், எஃப்சிஎஸ் இரண்டும் வேறுவேறு தயாரிப்பு ஃபின் பெட்டிகள்; முன்னதற்கான ஃபின் பின்னதில் ஏறாது. எந்தப் பெட்டி என்று கேட்டுவிட்டு, நம்மூரில் மாற்று ஃபின் யாரிடம் கிடைக்கும் என்பதையும் விசாரியுங்கள். முதல் மாதங்களில் நடுவில் ஆறேழு அங்குல ஃபின், பக்கங்களில் சின்னது இரண்டு போட்டால் மூக்கு அலைவதும் ஆட்டமும் குறையும். நடுப்பெட்டி நீளமானதாக இருந்தால் ஃபினைப் பின்னுக்குத் தள்ளி ஆரம்பியுங்கள். கால் நின்றபின் முன்னே நகர்த்தினால் போர்டு லகுவாகத் திரும்பும்.

லீஷ் போர்டின் நீளத்துக்குச் சமமாக, 7 அல்லது 8 மி.மீ. தடிமனில், நேரானதாக இருக்கட்டும். சுருள் லீஷ் உப்பங்கழிக்குத்தான். அலையில் அது போர்டை உங்கள் மேலேயே சுண்டி இழுத்துவிடும். மீன்பிடிப் படகுகள் ஏறி இறங்கும் பக்கமும் வலை விரித்திருக்கும் பக்கமும் போகாதீர்கள். புது போர்டில் திசை திருப்புவது கைவரும்வரை கூட்டத்துக்கு ஓரமாகவே இருங்கள்.

துடுப்பையும் குறைக்க வேண்டும். பெரிய போர்டில் தலைக்கு மேல் 20 முதல் 25 செ.மீ. வைத்திருந்தவர், முழங்கால் மடக்கி நிற்கும் சின்ன போர்டில் 12 முதல் 15 செ.மீ.க்கு வரவேண்டியிருக்கும். நீளம் மாற்றும் துடுப்பில் சில வாரம் அளவு பார்த்துவிட்டு, அதன்பிறகு கார்பன் தண்டை அறுங்கள். அறுப்பதற்கு முன் வெட்டும் இடத்தில் டேப் சுற்றி நுண்பல் ரம்பம் போடவில்லையென்றால் நார் பிரிந்து, கைப்பிடி சரியாக உட்காராது.